கரி ஃபில்டர் வைத்த எவர்சில்வர் கழிவு வாளி: மண்புழுத் தொட்டி உள்ள வீட்டுக்கு அது எவ்வளவு பயன்படும்?

மண்புழு உரத் தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டியைப் பற்றியும் புழுவைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். காய் நறுக்கிய இடத்திலிருந்து அந்தத் தொட்டிக்குப் போய்ச் சேரும் வரை கழிவு எங்கே, எந்த நிலையில் காத்திருக்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த இடைவெளிக்கென்றே இப்போது இணையக் கடைகளிலும் பெரிய பாத்திரக் கடைகளிலும் ஒரு பொருள் விற்கப்படுகிறது. ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள எவர்சில்வர் வாளி, உள்ளே தனியாக எடுத்துக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் வாளி, துளையிட்ட மூடி, மூடியின் உட்புறத்தில் பொருத்திய வட்டமான கரி ஃபில்டர் என்பதே அதன் அமைப்பு. ஏறக்குறைய இதே பொருள் பல பெயர்களில் வருகிறது; விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. சென்னையில், நான்கு பேர் உள்ள, நாள்தோறும் சமைக்கிற ஒரு வீட்டின் சமையல் மேடையில் இதைக் கோடையிலும் மழைக்காலத்திலும் வைத்துப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதன் நிறையும் குறையும் பெரும்பாலும் அந்த அமைப்புக்கே உரியவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாளி நல்ல வாளிதான். ஆனால் எதைச் சொல்லி இதைச் சாதாரண வாளியைவிட மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்களோ, அந்தக் கரி ஃபில்டருக்காக இதை வாங்க வேண்டியதில்லை. புழுத் தொட்டிக்காகச் சேர்த்து வைக்கும் கழிவுக்கு வேண்டியது நாற்றத்தை மறைக்கும் மூடி அன்று, ஈரத்தை வாங்கிக்கொள்ளும் அடிப்பகுதி. இந்த வாளியில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

கழிவை அவ்வப்போது தொட்டியிலேயே போட்டுவிட்டால் சேமிப்பு எதற்கு என்று கேட்கலாம். அடுக்குமாடி வீட்டில் தொட்டி பால்கனியிலோ மொட்டை மாடியிலோ இருக்கும், ஒவ்வொரு முறை காய் நறுக்கியதும் படியேற முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிட முக்கியமான காரணம் தொட்டிக்குள் இருக்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, படுக்கை எனப்படும், புழுக்கள் வாழும் ஈர அடுக்கின் ஒரு மூலையில் குழி பறித்து, உணவைப் புதைத்து, மேலே சருகையோ தென்னை நார்க்கழிவையோ போட்டு மூடுவதுதான் புழுக்களுக்கு உகந்தது. நாளுக்குப் பலமுறை திறந்து மேலாகத் தூவிக்கொண்டிருந்தால் படுக்கை குலைகிறது. வெளிச்சம் பிடிக்காத புழுக்கள் கீழே இறங்கிவிடுகின்றன. மூடப்படாத கழிவைத் தேடிப் பழ ஈ வருகிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு கிலோ புழு, நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ பாதியளவு உணவைத் தின்னும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் வீட்டில் நாள்தோறும் சேரும் கழிவு அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் இருக்கும். ஆகவே எதை, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதை நாம்தான் நிதானித்து முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கழிவு எங்காவது கையிருப்பில் இருந்தாக வேண்டும்.

அந்தக் கையிருப்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வாளியை எடைபோட முடியாது. மண்புழுவுக்குப் பல் இல்லை. பச்சைக் காய்த்தோலை அது கடித்துத் தின்பதில்லை. தோலின்மேல் பெருகும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும், அவை இளக்கி வைத்த திசுவையும்தான் அது உட்கொள்கிறது. எனவே மேடையில் இரண்டு நாள் இருந்து வாடித் துவண்டு, ஆங்காங்கே வெள்ளைப் பூஞ்சை படர்ந்த கழிவைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. தொட்டிக்குள் நடக்க வேண்டிய வேலையின் முதல் கட்டம் சமையலறையிலேயே முடிந்திருக்கிறது என்றுதான் பொருள். கெடுதல் வேறு வகை அழுகலில் வருகிறது. காற்றுப் புகாமல், தன் சாற்றிலேயே ஊறிக் கிடக்கும் கழிவில் ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் மேலோங்கி, கரிம அமிலங்களையும் ஆல்கஹாலையும் உண்டாக்குகின்றன. புரதம் மிகுந்த கழிவாக இருந்தால் அம்மோனியாவும், அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்துகொள்கின்றன. ஈரமான தோலின் வழியாகவே மூச்சு விடும் உயிருக்கு இவையெல்லாம் நேரடியான தீங்கு.

தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் காரணம் உண்டு. குளிர்நாடுகளில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஐசீனியா ஃபெடிடா என்னும் சிவப்புப் புழுவை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. அதற்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம்தான் சுகம். நம் ஊரில் விற்கப்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்க வகையான யூட்ரிலஸ் யூஜினியே. சிலர், சென்னை நியூ கல்லூரியில் மண்புழு ஆய்வை வளர்த்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் வலியுறுத்திவந்ததைப்போல, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் முதலிய நம் மண்ணின் வகைகளையே வளர்க்கிறார்கள். பெரியோனிக்ஸ் வெப்பத்தைத் தாங்கும், வேகமாகப் பெருகும். ஆனால் படுக்கை புளித்தாலோ, மழை இரவு வந்தாலோ கூட்டமாகத் தொட்டியை விட்டு வெளியேறிவிடும் இயல்பு அதற்கு உண்டு. புளித்த வாளி ஒன்றை அப்படியே அதன் தொட்டியில் கவிழ்ப்பது, விடியற்காலையில் பால்கனித் தரையெங்கும் புழுக்களைப் பார்ப்பதற்கு நல்ல வழி.

இனி வாளி. வெளிப்புறம் பளபளப்பில்லாமல் மெருகேற்றிய எவர்சில்வர்; மேடையில் இருந்தால் குப்பை என்று தோன்றாது. வாய் அகலமாக இருப்பதால் காய் நறுக்கும் பலகையை அப்படியே சாய்த்து வழிக்கலாம். அரிவாள்மனைக்கு முன்னால் தரையில் வைத்துக்கொள்வதற்கும் உயரம் சரியாக இருக்கிறது. பிடி உறுதியானது, நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறும்போது ஆட்டம் காண்பதில்லை. உள் வாளி இருப்பது பெரிய வசதி. தொட்டியில் கொட்டிவிட்டு அதை மட்டும் அலம்பினால் போதும்.

எவர்சில்வரின் தரத்தைப் பற்றி ஒரு சொல். பெட்டியின்மேல் வெறுமனே எவர்சில்வர் என்று மட்டும் இருந்தால் எந்தத் தரம் என்று கேட்டு வாங்குவது நல்லது. 304 என்ற தரத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். மலிவான பாத்திரங்களில் வரும் 202 என்ற தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளிப்பும் நாள்கணக்கில் படும் இடத்தில் இரண்டாவது சீக்கிரம் துருப்பிடிக்கும். கடைகளில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். இந்த இரண்டு தரத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் இங்கே பயனில்லை. நல்ல வேளையாக இந்த அமைப்பில் கழிவு படுவது உள் வாளியில்தான். வெளிப்பாத்திரத்தின் தரம் அதனால் ஓரளவு முக்கியம் இழக்கிறது. உள் வாளியின் பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறை ஏறிவிடும், நாளாக நாளாகக் கீறல்களில் வாடை தங்கும். பிழிந்து முடித்த எலுமிச்சை மூடியால் தேய்த்தால் அது பெருமளவு போகிறது. அந்த மூடியை எப்படியும் புழுவுக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் உள்ள லிமோனீன் என்னும் எண்ணெய் மண்புழுவுக்கு நஞ்சு.

அடுத்து, விற்பனையின் மையமான கரி ஃபில்டர். இதில் இருப்பது செறிவூட்டிய கரி. தேங்காய்த் தொட்டி போன்றவற்றைக் கரியாக்கி, பிறகு நீராவியில் மிக உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதில் திறந்துகொள்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு விரியக்கூடும். நாற்றமுள்ள ஆவிகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இந்த விளக்கம் சரியானது, ஏமாற்று எதுவும் இல்லை. இஸ்திரிக் கடைக் கரியைத் துணியில் முடிந்து வைத்தால் இதே வேலையைச் செய்யும் என்று சிலர் சொல்வது மட்டும் சரியன்று. பதப்படுத்தாத கரியில் அந்த நுண்துளைகள் மிகக் குறைவு.

ஆனால் அந்தத் துளைகள் நாற்றத்துக்கு மட்டும் திறந்திருப்பவை அல்ல, நீராவிக்கும் திறந்திருப்பவை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது துளைகளில் நீர் படிந்து, நாற்ற ஆவிக்கு இடமில்லாமல் போகிறது. சென்னைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் உயர்ந்தே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த துணியே காய்வதில்லை. அதற்கு மேல், மூடிய வாளிக்குள் உள்ள காற்று வெளிக்காற்றைவிடவும் ஈரமானது. காபி ஃபில்டரிலிருந்து தட்டிய சூடான சக்கை, வேகவைத்து உரித்த உருளைக்கிழங்குத் தோல் போன்றவற்றை ஆறுவதற்கு முன் போட்டால் மூடியின் உட்புறம் வியர்த்து, ஃபில்டர் நனைந்துவிடுகிறது. கோடையில் ஓரளவு நம்பிக்கையோடு வேலை செய்த அதே ஃபில்டர் மழைக்காலத்தில், பெட்டியில் சொன்ன இரண்டு மூன்று மாத ஆயுளில் பாதியைக்கூட எட்டவில்லை. வெயிலில் காயவைத்தால் உள்ளே படிந்த ஈரம் ஓரளவு விலகுகிறது, சிறிது காலம் மீண்டும் உழைக்கிறது. ஆனால் உள்ளே ஒட்டிக்கொண்ட நாற்றப் பொருள்கள் முழுமையாக விடுபடுவதில்லை. இன்னொன்றும் உண்டு: சாதாரணச் செறிவூட்டிய கரி, அம்மோனியாவைப் பிடித்துவைப்பதில் வலுவற்றது. வாளியில் உண்மையாகவே கெட்ட அழுகல் தொடங்கிவிட்டால், எந்த நாற்றத்துக்கு நாம் மிகவும் அஞ்சுகிறோமோ அதற்கு எதிராகத்தான் இது மிகவும் தளர்ந்து நிற்கிறது.

நாற்றத்தை மறைப்பதையே ஒரு குறையாகவும் நான் கருதுகிறேன். காற்றோட்டமாக, ஓரளவு உலர்ந்து இருக்கும் கழிவில் நாற்றமே பெரிதாக எழுவதில்லை. வாழைப்பழத் தோலின் மணமும் கறிவேப்பிலைக் காம்பின் மணமும்தான் வரும். புளித்த வாடை வந்தால், அடியில் சாறு தேங்கிவிட்டது, இன்றே கொட்ட வேண்டும் என்று பொருள். புதிதாக மாற்றிய ஃபில்டர் அந்த அறிவிப்பை ஒரு நாளோ இரண்டு நாளோ தாமதப்படுத்துகிறது. மூடியைத் திறக்கும்போது அது மொத்தமாக வந்து முகத்தில் அறைகிறது. குப்பை வண்டிக்குக் கொடுப்பவருக்கு அதனால் நட்டமில்லை. புழுவுக்குக் கொடுப்பவருக்கு உண்டு.

சாறுதான் இந்த வாளியின் உண்மையான சிக்கல். நம் சமையலில் சேரும் கழிவு நீர் மிகுந்தது: சுரைக்காய், புடலங்காய், வெள்ளரிக்காயின் தோலும் குடலும், தக்காளிக் காம்புப் பகுதி, தர்ப்பூசணி ஓடு, அலசிய கீரையின் வேர். இவையெல்லாம் பத்துக்கு ஒன்பது பங்கு நீர் என்றே சொல்லலாம். முதல் நாளிலேயே திசு தளர்ந்து நீர் கீழே இறங்கத் தொடங்குகிறது. உள் வாளியின் அடிப்பகுதி தட்டையாக, துளையில்லாமல் இருப்பதால் அந்த நீருக்குப் போக்கிடம் இல்லை. மேலே பார்த்தால் நேற்றைய கழிவு நன்றாகவே இருக்கும். அடியிலுள்ள இரண்டு விரற்கடை மட்டும் கொழகொழத்துப் புளித்திருக்கும். துளையிட்ட மூடி மேற்பகுதிக்குக் காற்றைக் கொடுக்கிறது, தேவையான அடிப்பகுதிக்கு எதுவும் செய்வதில்லை. உள் வாளிக்கு அடியில் சல்லடைத் தட்டு ஒன்றைத் தாங்கலோடு வைத்திருந்தால் இந்தப் பொருளின் மதிப்பே மாறியிருக்கும். இட்லித் தட்டு வடிவமைக்கிற நாட்டில் இது யாருக்கும் தோன்றாமல் போனது வியப்புதான்.

இதற்கு வீட்டிலேயே செய்துகொண்ட ஏற்பாடு, வாளியின் விலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லாதது. உரித்த தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டாமல் உதிர்த்து, உள் வாளியின் அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் கிழித்த செய்தித்தாளைப் போடுகிறோம். நார் கழிவைச் சாற்றிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. தாள் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு வேளைக் கழிவின்மேலும் ஒரு கைப்பிடி சருகோ கிழித்த தாளோ தூவுகிறோம். கறுப்பு மையில் அச்சான சாதாரணச் செய்தித்தாள் புழுவுக்குத் தீங்கு செய்வதில்லை. வழுவழுப்பான வண்ண இணைப்பை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். முட்டை அட்டை கிடைத்தால் அது தாளைவிடச் சிறந்தது, நனைந்தாலும் உடனே படிந்து போகாமல் காற்றுக்கு இடம் விட்டு நிற்கிறது. தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பயன்படுத்துபவர்கள், உப்புப் போக ஒன்றிரண்டு முறை அலசிப் பிழிந்து உலர்த்திவிட்டுப் போட வேண்டும்; அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரை இழுத்துக்கொள்ளும். இதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. காய்கறிக் கழிவில் தழைச்சத்து மிகுதி, தாளிலும் சருகிலும் கரிமச்சத்து மிகுதி. இரண்டும் வாளியிலேயே கலந்து போவதால் தொட்டியில் கொட்டும்போது படுக்கை சூடாவது குறைகிறது. கீரைத் தண்டு நிறையச் சேர்ந்த நாளில் இந்த வேறுபாட்டைக் கையை வைத்தே உணரலாம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு கரி ஃபில்டரை முழுவதுமாக எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து அதே இடத்தில் வைத்தோம். நாற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. துணியைத் துவைத்துக் காயப்போட்டு மீண்டும் வைக்கலாம். மாற்று ஃபில்டரின் விலையையும் மழைக்காலத்தில் அது உழைத்த காலத்தையும் கணக்குப் பார்த்தால், ஓராண்டில் ஃபில்டருக்குப் போகும் பணம் வாளியின் விலையில் கணிசமான பங்காகிவிடும். அச்சுப்பொறியை விற்றுவிட்டு மையில் சம்பாதிப்பது வணிகர்களுக்குப் புதிதன்று.

பூச்சியின் வகையில் வாளி நன்றாகவே தேறுகிறது, ஒரு நிபந்தனையோடு. பழ ஈயின் முட்டை வாழைப்பழத் தோலிலும் மாம்பழத் தோலிலும் கடையிலிருந்தே வந்துவிடுகிறது. ஒரு நாளில் பொரிந்து, சுமார் 25 டிகிரி வெப்பத்தில் பத்து நாட்களுக்குள் முழு ஈயாகிறது. இரண்டு மூன்று நாட்களுக்குள் வாளியைக் காலி செய்துவிட்டால் அந்தச் சுழற்சி சமையலறையில் முடிவதில்லை, எந்த மூடியாக இருந்தாலும் போதும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் எந்த மூடியும் போதாது, ஏனென்றால் ஈ வெளியிலிருந்து வருவதில்லை. எறும்புக்கு மட்டும் இந்த வாளியில் விடையில்லை. மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லாததால் சிற்றெறும்புகள் தாராளமாகப் போய்வருகின்றன. பழைய முறைப்படி தட்டில் நீர் ஊற்றி அதன் நடுவே வைத்தால் நிற்கிறது. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளை அப்படிக் காப்பாற்ற வேண்டியிருப்பது சற்று எரிச்சலூட்டுகிறது.

எந்த வாளியாக இருந்தாலும், உள்ளே போவது எது என்பதில்தான் பாதி வெற்றி. பால் கலந்த தேநீர் போடும் நம் வழக்கத்தில் தேயிலைச் சக்கையோடு பாலும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வடிகட்டியிலேயே ஒருமுறை நீர் விட்டு அலசிப் பிழியாவிட்டால், மறுநாள் எழும் பால் வாடைக்கு அதுவே காரணமாக இருக்கும். காபி டிகாஷன் சக்கையில் இந்தத் தொல்லை இல்லை, புழுக்களுக்கும் அது பிடித்தமானது. ஆனால் பொடி நுண்ணியது என்பதால் ஒரே கட்டியாகப் போட்டால் கீழே உள்ளவற்றுக்குக் காற்றை அடைத்துவிடும், உதிர்த்துத் தூவ வேண்டும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த எதுவும், அதாவது மிஞ்சிய சாம்பார், ஊறுகாய், சாப்பிட்ட வாழையிலையில் ஒட்டியிருக்கும் கூட்டு, வாளிப்பக்கமே வரக் கூடாது. மீன் செதிலும் எலும்பும் அப்படியே. வெங்காயமும் பூண்டும் சிறிதளவு இருந்தால் பாதகமில்லை. முட்டை ஓட்டை வாளியில் போடாமல் தனியே காயவைத்துப் பொடித்துக்கொள்வது நல்லது. தொட்டியின் புளிப்பைத் தணிக்கவும், புழுவின் அரைப்பைக்கு மணல்போல் உதவவும் அது வேண்டும். வாழைப்பூ மடலும் முருங்கைச் சக்கையும் நாரானவை; சிறிதாக நறுக்கிப் போட்டாலே வாளியில் இடம் மிச்சமாகும், தொட்டியிலும் விரைந்து மக்கும். பலாப்பழம் அறுத்த நாளில் எந்தச் சமையலறை வாளியும் உதவாது. சடையைத் தோட்டக் குழிக்கோ குப்பை வண்டிக்கோ அனுப்பிவிடுவதே முறை.

வாளியோடு சேர்த்து விற்கப்படும் மக்கும் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரக்குறியீடு அச்சிட்டிருக்கும். குறியீடு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தரம் 58 டிகிரி அளவுக்குச் சூடாகும் பெரிய உரக்கூடங்களை அடிப்படையாகக் கொண்டது. வீட்டுப் புழுத் தொட்டி அந்த வெப்பத்தை எட்டினால் புழு ஒன்றுகூட மிஞ்சாது. முப்பது டிகிரிக்குள் வைத்திருக்கும் தொட்டியில் அந்தப் பை மாதக்கணக்கில் பையாகவே கிடக்கும். அதோடு, பை போட்ட வாளிக்குள் காற்றும் போகாது, சாறும் வடியாது. செய்தித்தாளை மடித்து உள்ளே விரிப்பது எல்லா வகையிலும் மேல்.

இந்த வாளிக்குப் போட்டி வேறு வாளி அன்று, ஃப்ரீசர்தான். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கழிவைச் சேர்த்து மைனஸ் 18 டிகிரியில் வைத்துவிட்டால் அழுகலும் இல்லை, நாற்றமும் இல்லை. ஓரிரு நாள் உறைந்து கிடந்தாலே பழ ஈயின் முட்டையும் அழிந்துவிடுகிறது. உறையும்போது திசுவுக்குள் உருவாகும் பனிப்படிகங்கள் செல்சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகிய கழிவு துவண்டு, புழுவுக்கு ஏற்ற நிலைக்கு விரைவில் வருகிறது. புழு வளர்ப்பின் கோணத்தில் மட்டும் பார்த்தால் இதைவிடச் சிறந்த சேமிப்பு இல்லை. தடைகள் வேறிடத்தில் இருக்கின்றன. நம் வீட்டு ஃப்ரீசர்கள் சிறியவை. இருக்கிற இடத்தில் தேங்காய்த் துருவலும் பட்டாணியும் குழந்தைகளின் ஐஸ்கிரீமும் இருக்கும். நைவேத்தியத்துக்கான பால் இருக்கிற பெட்டியில் குப்பையை வைப்பதா என்று கேட்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இந்த யோசனை முதல் நாளிலேயே தோற்றுவிடும், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நெடுநேரம் மின்சாரம் போனால் டப்பாவுக்குள் எல்லாம் நீராகிவிடும். உறைந்த கட்டியை அப்படியே தொட்டியில் போடவும் கூடாது. சல்லடைக் கூடையில் வைத்து உருகவிட்டு, வடிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிறகுதான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் எட்டப்பட்ட சமரசம், மாம்பழக் காலத்தில் மாத்திரம் தோலை ஃப்ரீசரில் ஒரு சிறிய டப்பாவில் வைப்பது, மற்றவை எல்லாம் வாளியில்.

சமையலறையிலேயே கழிவைப் புளிக்கவைத்துச் சேமிக்கும் ஜப்பானிய போகாஷி முறையையும் சிலர் இந்த வாளிக்கு மாற்றாகச் சொல்கிறார்கள். அது தனி வேலை. காற்றுப் புகாத பாத்திரம், நுண்ணுயிர் ஏற்றிய தவிடு எல்லாம் வேண்டும், முடிவில் கிடைப்பது புளிப்பானது. புழுவுக்குச் சிறிது சிறிதாகத்தான் கொடுக்க முடியும். துளையுள்ள மூடி கொண்ட இந்த வாளியில் அதைச் செய்யவே கூடாது.

யார் வாங்கலாம் என்றால், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தொட்டிக்குப் போகிற, மேடையில் கண்ணுக்கு உறுத்தாத ஒரு பாத்திரம் வேண்டும் என்று நினைக்கிற, நான்கு பேருக்கு உட்பட்ட குடும்பம் வாங்கலாம். வாங்கியதும் அடியில் நாரையும் தாளையும் பரப்பிவிட வேண்டும், மாற்று ஃபில்டர் வாங்கக் கூடாது. தொட்டி இல்லாமல், மட்கும் குப்பையைத் தனியே பிரித்து நாள்தோறும் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பவர்களுக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை. அந்தப் பிரிப்புக்கு ஒரு சாதாரணப் பச்சை வாளி போதும். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் எவர்சில்வர் தூக்குவாளி இருந்தால் புழு வளர்ப்பவருக்கும் அதுவே போதும். அதன் மூடியை அழுத்தி மூடாமல், துணியைக் கட்டி வைத்தால், இந்த வாளி செய்யும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கை அது செய்துவிடும். எறும்புத் தொல்லை மட்டும் இரண்டுக்கும் பொது.

எப்படியும் வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் கடையில் இரண்டைப் பார்த்துக்கொள்ளலாம். உள் வாளி வெளிப்பாத்திரத்தைவிடக் குறைந்தது இரண்டு விரற்கடை உயரம் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அப்படி இருந்தால், அதன் அடியில் ஆணியைக் காய்ச்சித் துளையிட்டு, கீழே பழைய ஜாடி மூடி ஒன்றைத் தாங்கலாக வைத்து, சாறு வெளிப்பாத்திரத்தில் வடியும்படி செய்துகொள்ளலாம். உள் வாளி மட்டும் தனியாக விற்பனைக்குக் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். எவர்சில்வர் பல ஆண்டுகள் உழைக்கும்; முதலில் போவது அந்தப் பிளாஸ்டிக்தான், அது கிடைக்காவிட்டால் மிச்சமெல்லாம் அரிசி போட்டு வைக்கத்தான் உதவும், அதுவும் மூடியில் துளை இருப்பதால் வண்டு பிடிக்கும்.